எட்டுக் காம்பரா

நோர்வூட்டுக்கு மேலே நாங்கள் இருந்த லயத்தில் எட்டுக் காம்பரா. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு. ஒவ்வொன்றிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் பற்றவில்லையோ மனசு பற்றவில்லையோ, மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுவிட்டான். அந்த வழியாக முதல் வீட்டு இருமல் எட்டாவது வீடு வரைக்கும் போகும். இதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த சனம், நான் ஒரு அன்டனா வயரை வைத்துக்கொண்டு அவர்களை வேவு பார்க்கிறேன் என்று நம்பியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. யுத்தம் நின்றதும் நிற்காததுமாக இருந்த நேரம். கொழும்பில் ஒரு டீவி திருத்தும் கடையில் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, நோர்வூட் டவுனில் ஒரு ரேடியோக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. மனைவி பூண்டுலோயாப் பக்கத்துப் பெண். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

லயத்தில் எல்லா வீட்டிலும் டீவி இருந்தது. படம் பார்க்க வேண்டுமென்றால் டவுனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் எலக்ட்ரிக் கடையில் சீடி வாடகைக்கு எடுத்து வர வேண்டும். ஒருவர் எடுத்து வந்த சீடி எட்டு வீட்டுக்கும் போய், எட்டு வீட்டுச் சேலைத் தலைப்பிலும் துடைபட்டுத் திரும்பும். அதற்குள் அது சீடியாக இருக்காது. கதாநாயகன் அடிக்கக் கையை ஓங்கியபடி அப்படியே நின்றுவிடுவான். யாருக்கு அடி விழுந்தது என்பது தெரியாமலே நாங்கள் பல படங்களைப் பார்த்து முடித்திருக்கிறோம்.

கொழும்பில் பழகிய ஒருவர் தூக்கிப் போட இருந்த பழைய கொம்பியூட்டர் ஒன்று எனக்குக் கிடைத்தது. நல்ல நிலையில் உள்ள சீடியை ஒரு தடவை அதில் ஏற்றிவிட்டால் படம் உள்ளேயே தங்கிவிடும், கீறலும் விழாது, பூஞ்சணமும் பிடிக்காது. கொம்பியூட்டரில் ஓடும் படத்தை டீவிக்கு ஏற்ற மாதிரி மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். அதிலிருந்து கூரையின் அடிமரத்தை ஒட்டி வயர் இழுத்து, ஒவ்வொரு வீட்டு டீவிக்கும் கொடுத்தேன். யார் வீட்டில் டீவியைப் போட்டாலும் என் வீட்டில் ஓடும் படம் அங்கேயும் ஓடும். இப்போது இதையே பிள்ளைகள் பெரிய பெரிய பேர் வைத்துச் சொல்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பேர் ‘வயர்க்காரன் படம்’.

நான் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஆசை பிடித்தவன் என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டிருப்பார்கள். சும்மா கொடுத்ததால், ‘ஏன் குடுக்குறான், இவனுக்கு என்ன லாபம்?’ என்று யோசிக்கத் தொடங்கினார்கள். இதை நான் அப்போது கவனிக்கவில்லை. எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டுக் கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். லயத்துக்கே நான்தான் தியேட்டர் முதலாளி என்ற நினைப்பு.

பக்கத்துக் காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவு கிடையாது, வயதுக்காக அப்படிக் கூப்பிடுவோம். வேலையிலிருந்து நின்று வீட்டோடு இருந்தவர். ஒருநாள் பின்னேரம் அவர் பேசுவது சுவருக்கு மேலால் கேட்டது.

“தம்பி, நேத்துப் போட்டது ஒரே அழுவாச்சிப் படம்ப்பா. இன்னைக்கி ஒரு சாமிப் படம் போடு.”

என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்ததில் ஒரு சாமிப் படத்தைத் தேடிப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, டீவியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். டீவி கேட்டுக்கொண்டு உடனே சாமிப் படம் போட்டுவிட்டது. இதை அவர் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் பெருமையாகச் சொன்னாராம். “நம்ம தம்பிகிட்ட வாயத் தொறந்து சொன்னாப் போதும், அங்கன இருந்தே கேட்டுக்கிது” என்று. பெண்களில் யாரும் சிரிக்கவில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். நான்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் வீடுகளில் ஒரு மாற்றம். மழை பெய்தால் வயர் மூட்டுகளில் ஈரம் இறங்கிப் படம் ஆடும். லயத்தின் பின்பக்கமாகப் போய் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து டேப் சுற்றுவேன். முன்பெல்லாம் அடுப்படிக்குள்ளிருந்து, ‘தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க’ என்பார்கள். இப்போது நான் வரும் சத்தம் கேட்டதும் சன்னல் படபடவென்று சாத்தப்பட்டது. ஒரு வீட்டில் படத்தைச் சரி பார்க்க உள்ளே போனேன். டீவியின் மேல் ஒரு துவாய் போட்டு மூடியிருந்தது. தூசுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலும் துவாய். அதற்கடுத்த வீட்டில் முருகன் படம் போட்ட கலண்டரை டீவியின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டிருந்தார்கள். மலைநாட்டில் இருக்கும் தூசெல்லாம் எங்கள் லயத்துக்கு வந்துவிட்டதா என்ன?

எனக்கும் சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. மேல் லயத்தில் டெக் வைத்துப் படம் காட்டிய ஒருவன் எங்கள் ஆட்களை அந்தப் பக்கம் இழுக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு இது தொழிற்சங்க வேலை என்று நினைத்தேன், ஏனென்றால் முதலில் வயரைக் கழற்றச் சொன்ன இரண்டு வீடும் ஒரே சங்கம். மூன்றாவதாகக் கழற்றச் சொன்னது என் சொந்தச் சங்கத்து வீடு. அத்தோடு அந்தக் கணக்கும் பிசகிப்போனது. கடைசியில் யார் எதிரில் வந்தாலும், இவன்தானோ, இவள்தானோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள்.

விஷயம் என் மனைவி வழியாகத்தான் வந்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு நிரை தேயிலைச் செடி கொடுப்பார்கள். இவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க யாரும் வரவில்லையாம். பீலியில் இவள் குடத்தோடு போனதும் பேச்சு நின்றுவிடுமாம். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று ஒருத்தியிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். அவள் கூசாமல் சொல்லியிருக்கிறாள்.

“ஒங்க வூட்டுக்காரரு எட்டுக் கமரா வச்சிருக்காராமே. எங்க வூட்ட அவரு பாக்குறப்ப நீயும் பக்கத்துல குந்திக்கிட்டுப் பாப்பியா?”

அன்றைக்கு மனைவி கூடையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை.

“உண்மையச் சொல்லுங்க. கமரா இருக்கா?”

நான் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்து, “தேடு, எங்க இருக்குன்னு நீயே தேடு” என்று கத்தினேன். அவள் நிஜமாகவே குனிந்து தேடினாள். எனக்குச் சுருக்கென்றது. தேடிவிட்டு நிமிர்ந்தாள்.

“தெனமும் பஞ்சு குடு, லென்சத் தொடைக்கணும், லென்சத் தொடைக்கணும்னு கேப்பீங்களே. கமரா இல்லாம லென்ஸ் எதுக்கு?”

சீடியைப் படிக்கும் இடத்தில் கடுகளவு லென்ஸ் ஒன்று இருக்கும். அதில் அழுக்குப் பிடித்தால் படம் சிக்கும். எங்கள் தொழிலில் பாதி வேலை அதைத் துடைப்பதுதான். அவளுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், “அது சீடியப் பாக்குற கண்ணு” என்றேன்.

“அப்ப கண்ணு இருக்கு” என்றாள்.

இதற்கு மேல் எதைச் சொன்னாலும் அது பொய் போலவே கேட்கும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. சீடி டிரைவை வெளியே இழுத்து அந்த லென்சைக் காட்டினேன். அது அவளைப் பார்த்து மின்னியது. காட்டாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் அண்ணன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பூண்டுலோயாவுக்குக் கிளம்பினாள். காய்ச்சல் என்று அவளுக்கு யார் வந்து சொன்னது என்று நான் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. இரண்டு சேலையைத் தவிர மற்ற எல்லாச் சேலையையும் எடுத்துப் போயிருந்தாள். அதை அவள் போன பிறகுதான் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த இரண்டு சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லயம் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் போகட்டும், இவள் திரும்பி வருவாளா என்பது மட்டும்தான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்றைக்கே ஏணியைப் போட்டு ஏறி எல்லா வயரையும் பிடுங்கிச் சுருட்டினேன். எக்கேடாவது கெட்டுப் போங்கள் என்றுதான் பிடுங்கினேன். ‘பாத்தியா, மாட்டிக்கிட்டதும் கழட்டுறான்’ என்று மூன்றாவது காம்பராவிலிருந்து கேட்டது. மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் சுவர்தான் கூரை வரைக்கும் போகவில்லையே.

தோட்டத்துத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் எல்லாரையும் கூட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நேரங்காலம் சரியில்ல தம்பி. வயரு, கமரான்னு பொலிசு காதுல விழுந்திச்சின்னா ஒன்னய மட்டுமா தூக்குவான்? லயத்தையே கொடஞ்சிருவான். இருந்தா இப்பவே குடுத்துரு. நான் பாத்துக்கிர்றேன்.”

“இல்லாததை எங்கருந்து தலைவரே குடுக்க?”

“எட்டுன்னு நம்பரோட சொல்றாங்களே.”

நம்பரோடு வந்துவிட்டால் பொய்க்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எட்டு என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் நின்றார்கள். பெரியம்மா மட்டும் என்னைப் பார்த்து, “அதுனால என்னப்பா, பாத்தா பாத்துட்டுப் போ, எனக்கு என்ன இருக்கு” என்றார். எனக்குச் சார்பாகப் பேசிய ஒரே குரல் அதுதான். அதுவும் என்னைக் குழி தோண்டிப் புதைத்தது.

அப்போது கீழே றோட்டிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இவ்வளவு சனம் நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். பிறகு என்னிடம் நேராக வந்தார்.

“தம்பி, உங்களிட்டைத்தான் வந்தனான். பள்ளிக்கூடத்திலை கலைவிழா வருது. உங்களிட்டை எட்டுக் கமரா இருக்கெல்லே, அதிலை ஒண்டை ஒருநாளைக்குத் தந்தியளெண்டால் பெரிய உதவியாயிருக்கும். பத்திரமாத் திருப்பித் தருவன்.”

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு சேர் சொன்னா, எங்கிட்ட எட்டுக் கமரா இருக்குன்னு?”

“நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்! நானாவின்ரை கடையிலை, வயர் வாங்கேக்கை. நானும் பக்கத்திலைதானே நிண்டனான்.”

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஈரத்தில் கெட்டுப்போன வயரை மாற்றச் சுருள் சுருளாக மறுபடி வயர் வாங்கியபோது நானா, “என்னத்துக்கு மகன் இவ்வளவு வயர்?” என்று கேட்டார். நான் பெருமை தாங்காமல் சொன்னேன்: “எட்டுக் காம்பராவும் நம்ம வூட்டுக் கொம்பியூட்டர்லதான் மாட்டியிருக்கு நானா. எதுல படம் ஆடுனாலும் உக்காந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும்.” தெரியாமல் எப்படி இருக்கும்? படம் ஆடினால் எட்டு வீட்டிலிருந்தும் சுவருக்கு மேலால் கத்துவார்களே.

மாஸ்டர் பிறந்த ஊரில் அறைக்கு அறை என்றுதான் பேர். காம்பரா என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் காதில் விழுந்தது கமரா. கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற தொழில் நான் பெரிதாகச் செய்கிறேன் என்று நினைத்து, உங்கள் லயத்திலும் ஒரு முன்னேறிய ஆள் இருக்கிறார், பாருங்கள் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் புகழ்ந்திருக்கிறார். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். வீடுகளில் ஏற்கெனவே பெரியம்மாவின் டீவி காது கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணும் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

“காம்பரா சேர்! காம்பரா!” என்று என் வீட்டுச் சுவரைக் கையால் அறைந்தேன். “இது ஒரு காம்பரா! அது ஒரு காம்பரா! இந்தா, இந்த எட்டும்தான் சேர் என் எட்டுக் காம்பரா! எதைத் தூக்கிட்டுப் போறீங்க, சொல்லுங்க!”

மாஸ்டர் குடையை மடக்கி, லயத்தை ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரைக்கும் ஒருதரம் பார்த்தார். “ஐயோ, அறையளையோ சொன்னனீங்கள்?” என்றார்.

முதலில் சிரித்தது தலைவர். பிறகு ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கலண்டரைத் தொங்கவிட்ட வீட்டுக்காரர் என் தோளில் தட்டி, “அட, போப்பா, நாங்க என்னமோன்னு நெனச்சோம்” என்றார். அவ்வளவுதான். ஒரு ‘என்னமோ’வில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். இனி எப்போது வயர் இழுப்பாய், நல்ல சண்டைப் படம் இருக்கிறதா என்று இரண்டு பேர் அங்கேயே கேட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மனசுக்குள் ஒருவரையும் மன்னிக்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டி வரக் கிளம்பினேன். காம்பரா, கமரா, மாஸ்டர், குடை எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் அவள் சிரிப்பாள் என்று ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், எதிரில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து பையோடு அவளே இறங்குகிறாள். என்னைத் தேடித்தான் வருகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். வாயைத் திறக்கப் போனேன், அவள் முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்க. இருந்தா கழட்டிப் போட்டுருங்க. இல்லேன்னா நல்லது. இனி அதப் பத்தி நான் கேக்கவே மாட்டேன்.”

வந்துவிட்டாள், அது உண்மை. ஆனால் கமரா வைத்திருக்கக்கூடிய ஒருவனிடம்தான் வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவனோடும் குடும்பம் நடத்துவது என்று தீர்மானம் செய்து, சேலையெல்லாம் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். காலில் விழுவதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. ஒத்திகை பார்த்த கதை முழுதும் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. ரோஷம்தான், வேறொன்றும் இல்லை. நோர்வூட் வரும் வரைக்கும் இரண்டு பேரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த நாள் காலையில் தண்ணீருக்குப் போனவள் சிரித்துக்கொண்டே வந்தாள். குடத்தை இறக்கி வைக்கக்கூட முடியவில்லை, அப்படிச் சிரிப்பு. பீலியில் யாரோ சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்ததிலிருந்து நான் சுவரை அறைந்தது வரைக்கும், எனக்குத் தெரியாத கதை போல எனக்கே சொன்னாள். மாஸ்டர் மாதிரி, “அறையளையோ” என்று இழுத்துக் காட்டினாள். நான் சிரிக்கலாம் என்று நினைத்த இடத்திலெல்லாம் அவள் சிரித்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்து முடித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நெசமாவே இல்லதானே?” என்றாள்.

“இல்ல” என்றேன்.

தலையை ஆட்டினாள். மலைக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் முன் அறையில்தான் சேலை மாற்றுவாள். அன்றைக்கு மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு, டீவியைக் கடந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.